உதடு தைத்த பிறகும் சாயும் மூக்கு

திருச்சுழி சேதுபதிச் சீமையோடு சேர்ந்த கதையில் மூக்குக்கு ஒரு பங்கு உண்டு. 1650-களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை மதுரை நாட்டுக்குள் இறங்கி, எதிர்ப்பட்டவர்களின் மூக்கை அரிந்து மூட்டை கட்டிச் சீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. நோயில் படுத்திருந்த திருமலை நாயக்கருக்கு உதவியாக ராமநாதபுரத்து ரகுநாத சேதுபதி மறவர் படையைத் திரட்டிக்கொண்டு போனார். மைசூர்ப் படை பின்வாங்கியது; துரத்திக்கொண்டு போன மதுரைப் படையும் பதிலுக்கு அதே வேலையைத்தான் செய்தது. மகிழ்ந்துபோன நாயக்கர் ‘திருமலை சேதுபதி’ என்ற பட்டத்தையும், கூடவே திருப்புவனம், திருச்சுழி, பள்ளிமடம் ஆகிய ஊர்களையும் சேதுபதிக்குக் கொடுத்தார் என்று ராமநாதபுரத்து வரலாறு சொல்கிறது. இதற்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். வெறும் மூக்கை மட்டுமல்ல, மேலுதட்டோடு சேர்த்தே அரிந்தார்கள் என்றும் குறிப்பு உண்டு.

கொடுமையை ஒதுக்கிவைத்து உடற்கூறாக மட்டும் பார்த்தால், அந்தச் சிப்பாய்களின் கத்திக்குத் தெரிந்த ஒன்று மருத்துவ உலகத்துக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. மூக்கின் அடிப்பகுதியும் மேலுதடும் இரண்டு உறுப்புகள் அல்ல, ஒரே துண்டு. ஒன்றாகவே உருவாகின்றன, கெட்டால் ஒன்றாகவே கெடுகின்றன. பிளவு உதட்டோடு பிறந்த குழந்தைக்கு உதட்டை மட்டும் தைத்து அனுப்பினால், பத்து வயதில் அந்தப் பிள்ளையின் முகத்தில் தழும்பை விட மூக்குதான் முதலில் கண்ணில் படுகிறது. ஒரு துளை வட்டமாக இருக்கும், மற்றது படுக்கைவசமாக இழுபட்டிருக்கும். நுனி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

தாயின் வயிற்றில் நான்காம் வாரத்தில் கருவுக்கு முகம் என்று ஒன்று கிடையாது. வாயாகப் போகிற குழியைச் சுற்றி ஐந்து மேடுகள் எழும்பி நிற்கும். நெற்றிப் பக்கம் ஒன்று, மேல்தாடைக்கு இரண்டு, கீழ்த்தாடைக்கு இரண்டு. நெற்றி மேட்டின் இரு ஓரங்களிலும் தோல் தடித்து, நடுவில் குழிந்து, குழியின் இரு கரைகளும் உயரத் தொடங்கும். அந்தக் குழிதான் மூக்குத் துவாரம். உள்கரையிலிருந்து மூக்கின் நுனி, இரண்டு துவாரங்களுக்கும் நடுவே நிற்கும் தூண், மேலுதட்டின் நடுப்பாகம், முன்பற்களைத் தாங்கும் எலும்பு எல்லாம் வருகின்றன. வெளிக்கரை மூக்குமடல் ஆகிறது. கன்னத்துப் பக்கமிருந்து மேல்தாடை மேடு நகர்ந்து வந்து உள்கரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆறாம் ஏழாம் வாரங்களில் இந்த ஒட்டுவேலை முடிந்துவிட வேண்டும். ஒரு பக்கத்தில் அது நடக்காமல் போனால் உதடு பிளந்தே இருக்கும், மூக்குத் துவாரத்தின் தரையும் திறந்தே இருக்கும். ஆகவே பிளவு உதடு என்பது கிழிந்த உதடு அல்ல, ஒட்டாமல் விட்ட உதடு.

கிராமத்தில் இதற்கு வேறு காரணம் சொல்வார்கள். “கிரகணத்தன்னைக்கு வாசலுக்குப் போகாத, அருவாமணையத் தொடாதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனே” என்று மாமியார் அழுவார். பிள்ளை பெற்ற அலுப்போடு குற்றவாளிக் கூண்டிலும் மருமகள் ஏற வேண்டும். வாரக் கணக்கு ஒன்றே இதற்குப் பதில். நாள் தள்ளிப்போய், கிராம செவிலியரிடம் சொல்லி, கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நேரத்தில் பெரும்பாலும் அந்த உதடு ஒட்டியாகிவிட்டது, அல்லது ஒட்டாமல் விட்டாகிவிட்டது. ஏழாம் மாதத்துக் கிரகணத்துக்கு அங்கே செய்ய வேலை ஏதும் மிச்சமில்லை.

உலக அளவில் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவோடு பிறக்கிறது. உதட்டுப் பிளவு ஆண் குழந்தைகளில் அதிகம். வலப்பக்கத்தை விட இடப்பக்கத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரும்பாலோரின் குடும்பத்தில் அதற்கு முன் யாருக்கும் இருந்திருக்காது. வலிப்புக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், புகை, கட்டுக்குள் வராத சர்க்கரை, ஃபோலிக் அமிலக் குறைவு, பல மரபணுக்களின் சிறுசிறு பங்கு என்று காரணங்கள் கலந்தே வருகின்றன. முதல் பிள்ளைக்கு இருந்தால் அடுத்த பிள்ளைக்கும் வர நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை வாய்ப்பு உண்டு. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் பிள்ளைக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பயந்துபோய்த் தானாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

மூக்கு ஏன் கோணுகிறது? கரிசல் மண்ணில் பந்தல் போட்டவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். நான்கு காலும் ஒரே உயரந்தான். மழை பெய்து ஒரு காலடியில் மண் இளகி அந்தக் கால் அரை முழம் இறங்கிவிட்டது. பந்தலின் கூரையில் கிழிசல் கிடையாது, கம்பு முறியவில்லை, ஆனாலும் முழுப் பந்தலும் ஒரு பக்கமாகத் தொய்ந்து சாய்கிறது. போதாக்குறைக்கு இழுத்துக் கட்டிய கயிறுகளும் தவறான முளைகளில் கிடக்கின்றன. பிளவுப் பக்கத்து மூக்கின் நிலைமை இதுதான். மூக்குமடல் உட்கார வேண்டிய மேல்தாடை எலும்பு அந்தப் பக்கம் குறைந்தும் பின்தங்கியும் இருக்கிறது. அதனால் மடலின் அடி கீழேயும் பின்னாலும் வெளிப்பக்கமாகவும் இறங்கிவிடுகிறது. நுனிக்கு வளைவைக் கொடுக்கும் மடல் குருத்தெலும்பு அந்த இழுப்பில் தட்டையாகிறது.

கயிறுகள் என்றது தசையை. வாயைச் சுற்றி வட்டமாக ஓட வேண்டிய தசை, பிளவின் இரு கரைகளிலும் வட்டம் முடியாமல் நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் சும்மாவும் இருப்பதில்லை. ஒரு பக்கத்துத் தசை மூக்குத் தூணின் அடியைப் பிடித்து நல்ல பக்கம் இழுக்கிறது. மறு பக்கத்துத் தசை மடலின் அடியைப் பிடித்துக் கன்னத்துப் பக்கம் இழுக்கிறது. குழந்தை ஒவ்வொரு முறை அழும்போதும் சிரிக்கும்போதும் இந்த இழுபறி நடக்கிறது. மூக்கின் நடுச்சுவரும் தப்பாது. அதன் முன்முனை நல்ல துவாரத்துக்குள் சரிந்துவிடும், கொஞ்சம் உள்ளே போனால் பிளவுப் பக்கமாகப் புடைத்துக்கொள்ளும். ஆக இரண்டு பக்கமும் மூச்சுக்கு இடைஞ்சல். இந்தப் பிள்ளைகளில் கணிசமானோர் இரவில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். மூக்கு அறுவையை ‘அழகு ஆபரேஷன்’ என்று தள்ளிவைப்பவர்கள் மூச்சுப்பாதையின் வாசலைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இரு பக்கமும் பிளந்திருந்தால் கதை வேறு. சாய்வு குறைவு, ஆனால் நடுத்தூண் அநேகமாக இல்லவே இல்லை என்று சொல்லுமளவு குட்டையாக இருக்கும். மூக்கு நுனி உதட்டின் நடுத்துண்டோடு ஒட்டிக்கொண்டு அகலமாகத் தட்டையாகிவிடும்.

மூக்கைச் சீர்செய்வதில் இந்தியாவுக்குப் பழைய பெயர் உண்டு. சுசுருதர் கன்னத்துத் தோலை எடுத்து மூக்குக் கட்டும் முறையைச் சொல்லியிருக்கிறார். திப்பு சுல்தானின் படையிடம் மூக்கை இழந்த கவாஸ்ஜி என்ற மாட்டுவண்டிக்காரருக்குப் புனே அருகே நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்த செய்தி 1794-இல் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகஸின்’ இதழில் படத்தோடு வந்தது. 1814-இல் ஜோசப் கார்ப்யூ அதை இங்கிலாந்தில் செய்துபார்த்தார். ஆனால் அந்த வித்தை பிளவு மூக்குக்கு அவ்வளவாக உதவாது. அறுபட்ட மூக்கில் பொருள் இல்லை, வேறிடத்திலிருந்து கொண்டுவர வேண்டும். பிளவு மூக்கில் பொருள் ஏறக்குறைய எல்லாமே இருக்கிறது, தப்பான இடத்தில் இருக்கிறது. உதட்டைப் பொறுத்தவரை இதை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டவர் ரால்ஃப் மில்லார்ட் என்ற அமெரிக்கர். 1950-களில் கொரியாவில் படையோடு இருந்தபோது, பிளவு உதட்டின் நடுப்பாகத்தைக் கீழ்நோக்கிச் சுழற்றி இறக்கி, வெளிப்பாகத்தை அந்த இடைவெளிக்குள் நகர்த்தும் முறையை உருவாக்கினார். இன்று உலகெங்கும் நடக்கும் உதட்டு அறுவைகளில் பெரும்பங்கு அதன் வழிவந்தவைதான்.

உதடு இப்படி முன்னேறியபோதும் மூக்கை மட்டும் தொடத் தயங்கினார்கள். கைக்குழந்தையின் மூக்குக் குருத்தெலும்பைக் கிளறினால் வளர்ச்சி நின்றுவிடும், பதினாறு பதினெட்டு வயதுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதே வெகுகாலம் பாடம். தயக்கத்துக்கு நியாயம் இருந்தது. கோணலை நிமிர்த்தப்போய் ஆயுளுக்கும் குட்டை மூக்கைக் கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து ஹரால்ட் மெக்கோம்ப் இதற்குப் பதில் தேடிய விதம் எனக்குப் பிடித்தமானது. உதட்டைத் தைக்கும் அதே வேளையில், அதே வெட்டின் வழியாகக் கத்தரிக்கோலை உள்ளே விட்டு, மூக்கின் தோலைக் குருத்தெலும்பிலிருந்து மூக்கின் வேர் வரை விடுவித்தார். தொய்ந்த மடல் குருத்தெலும்பில் நூலைக் கோத்து மேலே தூக்கி, மூக்குத் தண்டின் மேல் முடிச்சுப் போட்டார். குருத்தெலும்பை வெட்டவே இல்லை. பிறகு காத்திருந்தார். அவசரப்பட்டு இரண்டு வருடத்துப் படங்களைக் காட்டவில்லை. முதல் பத்துக் குழந்தைகளைப் பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து, அவர்கள் வளர்ந்து நின்ற பிறகு 1996-இல் முடிவை வெளியிட்டார். வளர்ச்சி தடைப்படவில்லை. பத்துப் பேர் சின்னக் கணக்குதான், ஆனால் பதினெட்டு ஆண்டுகள் சின்னக் கணக்கு அல்ல.

நமக்குப் பக்கத்திலேயே, திருச்சூர் ஜூபிலி மிஷன் மருத்துவமனையில் 1959-இல் வந்து சேர்ந்த ஹிர்ஜி அடென்வாலா என்ற பார்ஸி மருத்துவர், தன் வாழ்நாளையே இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். தன் ஆசான் சார்லஸ் பின்டோவின் பெயரில் அங்கே பிளவு உதடு, அண்ண மையத்தை வளர்த்தார். முதல் அறுவையிலேயே மூக்கையும் சரிந்த நடுச்சுவரையும் சேர்த்து நேராக்குவது அவருடைய பள்ளியின் வழக்கம்.

முதல் அறுவையில் முதலில் தவறான முளைகளில் கட்டிய தசையை அவிழ்க்கிறார்கள். மடலின் அடியை எலும்பிலிருந்து முழுக்க விடுவித்து உள்ளேயும் மேலேயும் கொண்டுவருகிறார்கள். துவாரத்தின் தரையைக் கட்டி, தசையின் இரு முனைகளையும் நடுவில் இணைத்து வட்டத்தை முடிக்கிறார்கள். குருத்தெலும்பைத் தூக்கி நூலில் நிறுத்துகிறார்கள். உதட்டுத் தோலில் போடும் தையல் கடைசி வேலை. வெளியில் தெரிவதால் எல்லோரும் அதையே அறுவை என்று நினைத்துக்கொள்கிறோம். பிறகு சில மாதங்களுக்கு சிலிக்கோன் குழல் ஒன்றை மூக்குத் துவாரத்தில் வைக்கச் சொல்வார்கள். உள்தழும்பு சுருங்கித் துவாரத்தை இழுத்து மூடிவிடாமல் இருக்க அது காவல். குழந்தை பிடுங்கிப் போடும். தாய் திரும்ப வைக்க வேண்டும்.

இதற்கும் முன்னால் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு, கத்தி இல்லாமல். பிறந்த சில வாரங்களுக்குக் குழந்தையின் குருத்தெலும்பு குழைவாக இருக்கிறது. தாயின் ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருப்பதே அதற்குக் காரணம் என்பது விளக்கம். ஜப்பானில் மட்சுவோ மடங்கிய காதுகளை இப்படி வெறும் அச்சில் வைத்தே நிமிர்த்திக் காட்டினார். நியூயார்க்கில் பேரி கிரேசன் 1990-களில் இதை மூக்குக்குக் கொண்டுவந்தார். அண்ணத்தில் ஒரு அக்ரிலிக் தட்டு, அதிலிருந்து மூக்குக்குள் நீளும் ஒரு சிறு கொக்கி, கன்னத்தில் ஒட்டும் டேப். வாரம் ஒரு தடவை தட்டைக் கொஞ்சம் செதுக்கி, கொஞ்சம் கூட்டி, மூன்று நான்கு மாதத்தில் பிளவின் இடைவெளியைக் குறுக்கி மூக்கைத் தூக்குகிறார்கள். நல்ல முறை. ஆனால் அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர். திருச்சுழிக்கு உள்ளே இருக்கும் ஊர் என்றால் முதலில் மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். தறிக்கூலியிலோ கரிமூட்டத்திலோ மிளகாய்க் காட்டிலோ வேலை பார்க்கும் வீட்டில், பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு வாரம் ஒரு நாள் பஸ் ஏற வேண்டும். கூட வருபவருக்கு அன்றைய கூலி போகும். சித்திரை வெயிலில் வியர்வைக்கு டேப்பும் நிற்காது.

என் கட்சி இங்கேதான். பிளவுக்கான சிகிச்சை அட்டவணை நீளமானது. மூன்று முதல் ஆறு மாதத்தில் உதடு. ஒன்று, ஒன்றரை வயதுக்குள் அண்ணம். எட்டு முதல் பதினொரு வயதில், கோரைப்பல் இறங்கும் முன், இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துகளால் ஈறின் பிளவை நிரப்புதல். பிறகு பல்லுக்குக் கம்பி. வளர்ச்சி முடிந்ததும் தேவைப்பட்டால் தாடை, கடைசியாக மூக்கு. காகிதத்தில் இது அழகு. நடப்பில், உதடு ஒட்டியதும் வீடு நிம்மதியாகிவிடுகிறது. “அதான் தச்சாச்சுல்ல, பொறவென்ன?” என்பது அலட்சியம் அல்ல, அடுத்த பிள்ளை, விதைப்பு, வட்டி, பிழைப்புக்கு வெளியூர் என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டு போகிறது. வராமலே போகக்கூடிய இரண்டாம் வருகையை நம்பி மூக்கைத் தள்ளிவைப்பது பஸ் வசதியுள்ள நகரத்துக்குச் சரியாக இருக்கலாம். வானம் பார்த்த பூமிக்கு அது பொருந்தாது. முதல் மயக்கத்திலேயே மூக்கில் செய்ய முடிந்ததை எல்லாம் செய்துவிடுவது இங்கே மருத்துவ முடிவு மட்டுமல்ல, பொருளாதார முடிவும்கூட. அடுத்த முறை ஒருவேளை வராவிட்டாலும், பிள்ளை நிமிர்ந்த மூக்கோடு பள்ளிக்கூடம் போகும்.

முழுக்க நேராகிவிடும் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. கொஞ்சம் திரும்பச் சாயும். வளரும் வயதில் எலும்பின் குறை மறுபடி தலைகாட்டும். அந்த எலும்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு முக்கியப் பகுதி பக்கத்து இலங்கையிலிருந்து வந்தது. 1980-களில் லண்டன் பல் சீரமைப்பு மருத்துவர் மைக்கேல் மார்ஸ், தென்னிலங்கையில் எந்த அறுவையும் செய்துகொள்ளாமலே வளர்ந்துவிட்ட பிளவுக்காரர்களின் தாடைகளை அளந்தார். முகம் பிளந்திருந்தது, ஆனால் மேல்தாடையோ இயல்பாக முன்னோக்கி வளர்ந்திருந்தது. குழந்தையிலேயே அண்ணம் தைத்தவர்களுக்குத்தான் தாடை உள்வாங்கிப் போயிருந்தது. அண்ணத்தில் விழும் தழும்பு வளர்ச்சியைப் பிடித்துவைக்கிறது என்பது தெளிவாயிற்று. அதற்காக அண்ணத்தைத் தைக்காமல் விடவும் முடியாது, பேச்சு போய்விடும். மருத்துவம் கிடைக்காத ஏழைகளின் முகங்களே மருத்துவத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தன என்பது எனக்கு இன்னும் சீரணமாகாத விஷயம்.

பேச்சு என்றதும் ஒரு குழப்பத்தை அவிழ்க்க வேண்டும். “மூக்கால பேசுறான், மூக்கச் சரி பண்ணுங்க” என்று வருபவர்கள் உண்டு. மூக்கொலிக்குக் காரணம் மூக்கு அல்ல. பேசும்போது மென்மையான பின்னண்ணம் எழுந்து தொண்டையின் பின்சுவரைத் தொட்டு மூக்குக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அது எட்டாதபோதுதான் காற்று மூக்கில் கசிகிறது. அடைபட்ட மூக்கைத் திறந்துவிட்டால் சிலருக்கு அந்த ஒலி கொஞ்சம் கூடவும் செய்யலாம். அதற்குத் தனி அறுவையும் பேச்சுப் பயிற்சியும் வேண்டும்.

பதினாறு, பதினெட்டு வயதில் செய்யும் இறுதி மூக்கறுவை பெரிய வேலை. துவாரங்களுக்கு நடுவில் நிற்கும் தூணின் குறுக்கே சின்னதாக ஒரு வெட்டு. அங்கிருந்து மூக்கின் தோலை மேலே புரட்டினால் உள்ளே இருக்கும் சட்டகம் முழுக்கக் கண்முன் தெரியும். கோணிய நடுச்சுவரை எடுத்தும் நிமிர்த்தியும் நடுக்கோட்டில் நிறுத்துகிறார்கள். தொய்ந்த குருத்தெலும்புக்கு முட்டுக்கொடுக்கக் காதிலிருந்தோ விலா எலும்பின் குருத்திலிருந்தோ துண்டு எடுக்கிறார்கள். விலாக் குருத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: செதுக்கியதும் நேராக இருக்கும், நாள்போக வளையும். வெளிப்பட்டையும் உள்பகுதியும் வெவ்வேறு இழுவிசையில் இருப்பதே காரணம் என்று 1958-இல் கிப்ஸனும் டேவிஸும் காட்டினார்கள். எல்லாப் பக்கமும் சமமாகச் சீவி நடுத்தண்டை மட்டும் எடுத்தால் வளைவு குறையும். மேல்தாடை மிகவும் உள்வாங்கியிருந்தால் முதலில் தாடையை முன்னால் நகர்த்திவிட்டே மூக்குக்கு வர வேண்டும். காலைத் தூக்காமல் கூரையை மட்டும் நிமிர்த்தினால் பந்தல் எத்தனை நாள் நிற்கும்?

பிறந்த வீட்டில் முதல் நாள் பயம் வேறு: பால் எப்படிக் குடிக்கும்? உதடு மட்டும் பிளந்த குழந்தை பெரும்பாலும் தாய்ப்பால் குடித்துவிடும். அண்ணமும் பிளந்திருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகாது. நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினால் எடை ஏறும். நம் பாட்டிமார் கை பழகிய அந்தப் பாலாடையை இன்று குழந்தை மருத்துவர்களே கேட்டு வாங்கச் சொல்கிறார்கள். பழைய கணக்குப்படி பத்து வாரம், சுமார் நாலரைக் கிலோ எடை, ரத்தத்தில் பத்து கிராம் ஹீமோகுளோபின் இருந்தால் மயக்கம் தாங்கும்.

செலவு முன்னைப்போல் மதில் அல்ல. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடியிலும் பள்ளியிலும் வந்து பார்க்கும் மருத்துவக் குழு தேடும் குறைகளில் பிளவு உதடும் அண்ணமும் உண்டு. ஸ்மைல் டிரெயின் போன்ற அமைப்புகளோடு சேர்ந்த மருத்துவமனைகளில் அறுவை இலவசம். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அப்பால், 2022 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து அரை மணி, முக்கால் மணிப் பயணம். முதல் அறுவைக்குக் கையெழுத்துப் போடும் தாயோ தகப்பனோ “மூக்கையும் இப்பவே பாப்பீங்களா டாக்டர்?” என்று ஒரு வார்த்தை கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை, பதிலிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் வளர்ந்துவிட்டவர்கள் இந்த வட்டாரத்தில் முப்பது நாற்பது வயதில் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு வரும்போதுதான், அல்லது மூக்குத்தி குத்தப் போய்க் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் சிலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். வயது தடையில்லை. விலாக் குருத்து வயதாக ஆகச் சுண்ணாம்பேறிச் செதுக்கக் கடினமாகும், அவ்வளவுதான். மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு: தலையை அண்ணாத்திக் கீழிருந்து பார்த்தால் இரண்டு துவாரங்களும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஆவது அரிது. மூச்சு சீராகப் போகும், எதிரே நின்று பேசுபவருக்குக் கோணல் சட்டென்று தென்படாது. இந்த அளவுக்கு வருவதையே நல்ல அறுவை என்று கணக்கில் வைக்கிறார்கள்.